17 நிமிடப் படத்துடன் புதுச்சேரியில் ஒரு நாள்

கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் குறும்படம் எடுப்பவர்களுக்குப் படம் முடிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. யூடியூபில் ஏற்றினால் உறவினர்களும் கல்லூரி நண்பர்களும் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்வார்கள், அத்தோடு சரி. சென்னையில் நடக்கும் திரையிடல்களுக்கு அனுப்பித் தேர்வானாலும், வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போய்வர வேண்டும். அங்கே அறிமுகமாகிறவர்கள் நம் ஊருக்கு வந்து நம்மோடு வேலை செய்யப் போவதும் இல்லை. எனவே, புதுச்சேரியில் திரைப்பட ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து, காலையில் குறும்படத் திரையிடலும் பிற்பகலில் கலைஞர்கள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசும் அமர்வுமாக ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தப் போகிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது தயங்காமல் விண்ணப்பித்தேன். அடுத்த முறை விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் படம் பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண் ஒருவரைப் பற்றியது. கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கக்கூடியது. ஆண்டுக்கணக்கில் இந்த வேலையைச் செய்பவர்களின் விரல்நுனி கறுத்துப்போய், ரேகையும் தேய்ந்துவிடும். கைரேகை வைத்தால்தான் ரேஷன் என்று ஆகிவிட்ட பிறகு, கடையிலுள்ள கருவி அந்த விரலை ஏற்க மறுக்கும் ஒரு காலைப்பொழுதுதான் கதை. நடித்தவர் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்து பிழைப்பவர். ஒளிப்பதிவு நண்பருடையது, படத்தொகுப்பு என்னுடையது. ஒலிப்பதிவுக்கென்று தனியாக ஓர் ஆளை அமர்த்தக் கையில் பணம் இல்லாததால், கேமராவில் பொருத்திய மைக்கை வைத்தே சமாளித்திருந்தோம். படத்தின் பலவீனம் ஒலிதான் என்பது எனக்குத் தெரியும். அதைச் சரிசெய்ய இந்த வட்டாரத்திலேயே ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் விண்ணப்பித்ததன் முதல் நோக்கம்.

விண்ணப்பப் படிவத்தில் பெயர், ஊர், படத்தின் நீளம், கடவுச்சொல்லுடன் கூடிய இணைப்பு ஆகியவை வழக்கமானவைதாம். நேரம் பிடித்தது ஒன்லைன். கதைச்சுருக்கத்தைத் தனியாகக் கேட்டிருந்ததால், ஒன்லைனை ஒரே வாக்கியத்தில் முடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகக் குறிப்பிட்டிருந்தார்கள். முந்திரித் தொழிலின் நிலை, பெண்களின் உழைப்பு, அரசின் கெடுபிடி என்றெல்லாம் எழுதி எழுதி அழித்த பிறகு, ‘கொட்டை உடைத்தே கைரேகையை இழந்த பெண்ணொருத்தி, தான் இன்னார்தான் என்று ரேஷன் கடையில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது’ என்ற வாக்கியத்தில் வந்து நின்றேன். இந்த வாக்கியத்தைத்தான் அன்று முழுவதும் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதால் அதற்குச் செலவிட்ட நேரம் வீண்போகவில்லை.

அடுத்தது உரிமை குறித்த உறுதிமொழி. படத்தில் வரும் இசை முழுவதும் நம்முடையது அல்லது உரிய அனுமதி பெற்றது என்று கையொப்பமிட்டுத் தர வேண்டும். என்னுடன் விண்ணப்பித்த நெல்லிக்குப்பம் நண்பரின் படத்தில் தேநீர்க்கடைக் காட்சியின் பின்னணியில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று மெலிதாகக் கேட்கும். கடையில் உண்மையாகவே அப்போது ஒலித்த பாட்டுதான் என்று அவர் வாதாடினார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு அந்த நியாயம் புரியாது. பாட்டை எடுத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் வாசித்த புல்லாங்குழலைச் சேர்த்து அனுப்பினார். பொதுமக்களுக்குத் திரையிட வேண்டுமானால் 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் தேவை என்பதையும், குறும்படம் என்பதால் அதற்கு விலக்கு இல்லை என்பதையும் அமைப்பாளர்கள் படிவத்திலேயே நினைவூட்டியிருந்தார்கள். அன்றைய திரையிடல் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டதால் எங்களிடம் அதைக் கேட்கவில்லை. பின்னால் சான்றிதழுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படத்தில் ஆடோ மாடோ நடித்திருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் தடையின்மைச் சான்றையும் கேட்பார்கள். முன்பு சென்னையில் இருந்த அந்த வாரியத்தின் தலைமையகம் இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. கிராமத்துக் கதை எடுப்பவர்கள் ஆட்டை ஃபிரேமுக்குள் விடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

படம் தேர்வான பிறகு கோப்புக்கான விவரம் வந்தது: 1920க்கு 1080 அளவு, எம்பி4, ஸ்டீரியோ ஒலி, ஆங்கில சப்டைட்டில் படத்தின் மீதே பதிந்திருக்க வேண்டும், நொடிக்கு 24 ஃபிரேம். கடைசியாகச் சொன்னதுதான் பலரைத் திணறடித்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்காமல் இருக்கப் பலரும் 25 ஃபிரேமில் எடுப்பது வழக்கம். ஃபிரேம் எதையும் இழக்காமல் அதை 24க்கு மாற்றினால் படம் ஏறக்குறைய நான்கு விழுக்காடு நீண்டுவிடும். என்னுடைய 17 நிமிடம் 17 நிமிடம் 42 நொடி ஆனதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் நிகழ்ச்சியின் வரம்பு 20 நிமிடம் என்றிருக்க, 19 நிமிடம் 30 நொடிக்குப் படத்தை முடித்திருந்த ஒருவர் வரம்பைத் தாண்டிவிட்டார். கடைசி நேரத்தில் பெயர்ப்பட்டியலின் வேகத்தைக் கூட்டி ஒருவாறு உள்ளே வந்தார்.

நிகழ்ச்சி நடந்தது மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சிறிய அரங்கில். பார்வையாளர்கள் வருவதற்கு முன் ஒவ்வொரு படத்திலும் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்க்க அனுமதித்தார்கள். இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது என்பேன். கருவி மீது விரல் அழுந்தும் ஷாட்டை நாங்கள் மிக நெருக்கத்தில் எடுத்திருந்தோம். மடிக்கணினித் திரையில் விரல்நுனியின் வெடிப்பும், வெடிப்புக்குள் படிந்த கறையும், நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் ஓட்டுத் தூளும் தனித்தனியாகத் தெரியும். அரங்கின் புரொஜெக்டரில் அது வெறும் கறுப்புத் திட்டாக விழுந்தது. அங்கிருந்த தன்னார்வலர் பொறுமையாகப் புரொஜெக்டரின் வெளிச்ச அளவை மாற்றிப் பார்த்தார். பிறகு மேற்கு ஜன்னல்கள் இரண்டுக்கும் கறுப்புத் துணி கட்டச் செய்தார். வெடிப்புகள் ஓரளவு திரும்பி வந்தன. ஒலிக்கு அப்படிப்பட்ட வைத்தியம் எதுவும் இல்லை. மின்விசிறிகள் ஓடத் தொடங்கியதும் என் படத்தின் வசனத்தில் பாதி அவற்றோடு கலந்துவிட்டது.

திரையிடல் நன்றாகவே நடந்தது. கடைக்காரர் ‘அடுத்த விரல், அடுத்த விரல்’ என்று ஒவ்வொரு விரலாகக் கேட்கும் இடத்தில் முதலில் சிரித்தார்கள், நான்காவது விரலுக்குப் பிறகு சிரிப்பு நின்றது. அந்தக் காட்சியின் நீளம் சரிதான் என்று அப்போது தெரிந்தது. கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர், கைரேகை பதியாவிட்டால் அரிசி இல்லை என்பது படத்துக்காகச் செய்த கற்பனையா என்று கேட்டார். புதுச்சேரியில் பல ஆண்டுகளாக அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டுவந்தார்கள் என்பதால், அரங்கில் பலருக்கு ரேஷன் கடை வரிசையே மறந்துபோன ஒன்றாக இருந்தது. கடலூர் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் நிலைமை வேறு. கடலூரில் யாரும் கேட்காத அந்தக் கேள்வி, படத்தின் தொடக்கத்தில், கைரேகை கட்டாயம் என்ற ரேஷன் கடை அறிவிப்புப் பலகையை ஒரு ஷாட்டில் காட்ட வேண்டும் என்ற முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். வாழ்த்துரைகள் நீண்டுவிட்டதால் கடைசி இரண்டு படங்கள் மதிய உணவுக்குப் பிறகுதான் திரையிடப்பட்டன. அப்போது அரங்கில் பாதிப் பேர்கூட இல்லை. அந்தப் படங்களை எடுத்த இருவரும் எல்லோருடைய படத்தையும் உட்கார்ந்து பார்த்தவர்கள். திரையிடல் என்று அழைத்துவிட்டு மேடைப்பேச்சுக்கு நேரத்தைக் கொடுக்கும் பழக்கம் நம் ஊர் நிகழ்ச்சிகளை விட்டு எப்போது போகுமோ தெரியவில்லை.

பிற்பகல் அமர்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் பேச நேரம் தரப்பட்டது. அதைவிடப் பயன்பட்டது சுவரில் ஒட்டியிருந்த சார்ட் தாள். அதில் ‘வேண்டும்’, ‘தர முடியும்’ என்று இரண்டு பத்திகள். அவரவர் பெயரை எழுதி எதிரே நிரப்ப வேண்டும். ‘நல்ல வாய்ப்பு வேண்டும்’, ‘தயாரிப்பாளர் வேண்டும்’ என்று எழுதியவர்களே அதிகம். அவர்களைத் தேடி யாரும் போனதாகத் தெரியவில்லை. ‘இரண்டு நாளைக்கு எல்இடி விளக்கு வேண்டும்’ என்று எழுதிய கல்லூரி மாணவிக்கு அரை மணி நேரத்தில் விளக்கு கிடைத்துவிட்டது. நான் ‘முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒலியைப் பதிவு செய்ய ஒலிப்பதிவாளர் வேண்டும்’ என்றும், எதிரே ‘ஆங்கில சப்டைட்டில் செய்து தர முடியும்’ என்றும் எழுதினேன்.

சென்னையிலிருந்து வந்திருந்த உதவி இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் சுற்றிக் கல்யாண வீட்டுப் பந்திக்கு முந்துவதைப் போல ஒரு கூட்டம். அவர்கள் அன்பாகவே பேசினார்கள். ஆனால் நாற்பது பேருக்கு அவர்களால் சொல்ல முடிந்தது ‘மெயில் போடுங்கள், பார்க்கிறேன்’ என்பது மட்டுமே. அது அவர்கள் குற்றமும் அன்று. அந்தக் கூட்டத்தில் நின்ற நேரத்தில் பின்வரிசைக்குப் போயிருந்தால் பலருக்கு வேலை நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஏனெனில், இந்த வட்டாரத்தில் கேமராவும் லென்ஸும் வாடகைக்கு வைத்திருப்பவர், டப்பிங்கிற்கு வீட்டின் ஓர் அறையை ஒதுக்கியிருப்பவர், திருமண வீடியோவில் பிழைத்துக்கொண்டே படத்தொகுப்பு செய்பவர் எல்லோரும் அந்தப் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

என் வரியைப் பார்த்துவிட்டு அரியாங்குப்பத்தைச் சேர்ந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் வந்தார். அறிமுகமெல்லாம் பிறகுதான், முதலில் கேட்டது, “தம்பி, படம் முழுக்க அந்த அம்மா கையத்தான் காட்டுறீங்க, கொட்டை உடையற சத்தம் எங்க போச்சு?” என்பதுதான். “அதுக்குத்தாண்ணே ஆள் தேடுறேன்” என்றேன். வசனத்தை மறுபடி டப்பிங் செய்தால் அந்த அம்மாவின் குரலில் இருக்கும் இயல்பு போய்விடும் என்றும், வசனத்தை முடிந்தவரை சுத்தம் செய்துவிட்டு, உடைக்கும் ஒலியையும் களத்தின் சூழல் ஒலியையும் மட்டும் புதிதாகப் பதிவு செய்து சேர்த்தால் போதும் என்றும் அவர் சொன்னார். அடுத்த படத்திலாவது ஒவ்வொரு காட்சி முடிந்ததும் யாரும் பேசாமல் நின்று, அந்த இடத்தின் வெற்று ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் ஒட்ட அதுதான் கைகொடுக்கும் என்றும் அறிவுறுத்தினார். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, பொறுமை மட்டும் போதும்.

படப்பிடிப்பு நிர்வாகம் செய்யும் புதுச்சேரிப் பெண்மணி ஒருவரிடம் அனுமதி பற்றிப் பேசினேன். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடப்பதால், பாகூர்ப் பக்கம் படமெடுக்கும்போது நிற்கும் இடம் எந்த நிர்வாகத்தின் எல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார். ஒரு பக்கத்து அனுமதிக் கடிதம் மறுபக்கத்துக் காவலரிடம் செல்லாது. நகரின் கடற்கரைச் சாலையில் மாலைக்குப் பின் வாகனங்கள் வராது என்பதை நம்பி முக்காலியை விரிக்கிறவர்கள் அதிகம் என்றும், அனுமதி இல்லாவிட்டால் முதல் ஷாட்டிலேயே எழுப்பிவிடுவார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

விழாக்களுக்கு அனுப்புவது பற்றிய கடைசி அமர்வில் புதிதாக அறிந்தவை சிலவே. திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரளத்தின் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவும், இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவும் நம்மைப் போன்றவர்கள் முதலில் குறிவைக்க வேண்டியவை என்று பேசியவர் சொன்னார். சில விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் பொதுவாக வெளியான படத்தை ஏற்பதில்லை என்பதால், யூடியூபில் ஏற்றுவதைக் கடைசிக் கட்டமாக வைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்கர் விதி 40 நிமிடம் வரை குறும்படம் என்று ஒப்புக்கொண்டாலும், நேர நெருக்கடியைக் கண்ணால் பார்த்த பிறகு, என் படத்தை 14 நிமிடத்துக்குக் குறைக்கலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. திரையரங்குக்கான டிசிபி கோப்பைச் செய்ய ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டியதில்லை, டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளே போதும் என்று அவர் சொன்னதைப் பிறகு நானே செய்து பார்த்துவிட்டேன். மடிக்கணினி பழையதாக இருந்தால் இரவு முழுவதும் ஓடும், அவ்வளவுதான்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாளே ஒலிப்பதிவாளருக்கு என் படத்தின் இணைப்பையும், எந்தெந்த நிமிடத்தில் என்ன ஒலி வேண்டும் என்ற குறிப்பையும் அனுப்பினேன். இருவரும் பண்ருட்டிப் பக்கம் போய், அதே அம்மாவின் வீட்டுத் திண்ணையில் பதிவு செய்தோம். நன்றாக வறுபட்ட கொட்டை ஒரே தட்டில் காய்ந்த ஓசையோடு பிளந்தது. வறுவல் போதாதது மந்தமாக ஒலித்தது. இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து, கதையில் அந்த அம்மா களைத்துப்போகும் இடத்தில் மந்தமானதைப் பயன்படுத்தச் சொன்னவர் ஒலிப்பதிவாளர்தான். கூலி வாங்க மறுத்துவிட்டார். கட்டுமரக்காரர்களைப் பற்றி அவர் எடுத்துவைத்திருக்கும் ஆவணப்படத்துக்கு நான் ஆங்கில சப்டைட்டில் செய்து தருவதாக ஏற்பாடு. பாதி முடிந்திருக்கிறது, மீதியை மழைக்காலம் தொடங்குவதற்குள் கேட்டிருக்கிறார்.