ஆடம்ஸ் தெருவில் ஒரு நடை

சிகாகோவில் வேலை என்று ஊரில் சொல்லிவிட்டு வருகிற நம்மவர்கள் பலர் குடியிருப்பது புறநகரில். நாங்களும் நேப்பர்வில்லில் இருக்கிறோம். நல்ல பள்ளி, அமைதியான தெரு, அரோராவில் பாலாஜி கோயில். ஆனால் பால் வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டும். தெருவில் மனித முகமே இல்லாத அந்த முதல் குளிர்காலம் என்னை ரொம்பவே வாட்டியது. அதிலிருந்து மீட்டது டவுன்டவுன்தான்.

மெட்ரா ரயிலில் யூனியன் ஸ்டேஷன் போய் இறங்கி, ஆடம்ஸ் தெருவைப் பிடித்துக் கிழக்கே நடந்தால் போதும். ஆற்றுப் பாலம் தாண்டியதும் வில்லிஸ் டவர், 110 மாடி. இதன் கட்டமைப்பை வடிவமைத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். குழாய் மாதிரி நிற்கும் ஒன்பது சதுரக் கூடுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒன்றையொன்று தாங்கிக் காற்றை எதிர்த்து நிற்கும் என்பது அவர் கணக்கு. அண்ணாந்து பார்த்தால் குழாய்கள் வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடுவதும், இரண்டு மட்டும் உச்சிவரை போவதும் தெரியும். சுமார் கால் நூற்றாண்டு உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான்.

அப்புறம் வெல்ஸ் தெருவில் தலைக்கு மேலே ‘எல்’ ரயில். அது கடக்கும்வரை பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

லசால் தெரு முனையில் அவசரப்படாதீர்கள். உலகின் முதல் வானளாவி என்று பலரும் சொல்லும் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885-ல் இங்கேதான் எழுந்தது. 1931-ல் இடித்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். அருகிலேயே 1888-ல் கட்டி முடித்த ரூக்கரி என்ற கட்டடம் இன்னும் இருக்கிறது. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார் வந்திருந்தபோது அதன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஏரிக்கரை களிமண்ணாச்சே, அஸ்திவாரம் எப்படிப் போட்டான்?” என்று கேட்டார். தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட்டில் பதித்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! உள்ளே கண்ணாடிக் கூரைக்குக் கீழே, கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் 1905-ல் மாற்றியமைத்த வெள்ளைப் பளிங்கும் தங்கப் பூவேலையும் இருக்கின்றன. மனிதர் நகரவே மறுத்துவிட்டார்.

தெரு முடிகிற இடத்தில், மிச்சிகன் அவென்யூவில், ஆர்ட் இன்ஸ்டிட்யூட். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில். அந்தப் பயணத்துக்காகச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். அன்றைய மண்டபம் இப்போது இல்லை. வாசலை ஒட்டிய சாலைப் பகுதிக்கு விவேகானந்தர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஊர் ஏக்கம் வரும்போது அங்கே போய் நின்றால் எனக்குத் தெம்பு வருகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: முதல் நடையை மே மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஏரிக் காற்று முகத்தை அறுக்கும். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.