அந்த 275 டாலர்

கரண்ட் பில் வந்திருக்கிறது. சிட்னி குளிரில் ஹீட்டர் போட்டது நாங்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பில்லைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது 275 என்ற எண்தான்.

2025க்குள் வீட்டு மின்கட்டணம் ஆண்டுக்கு 275 டாலர் குறையும் என்று 2021 டிசம்பரில், எதிர்க்கட்சியாக இருந்தபோது, ஆஸ்திரேலியாவின் லேபர் கட்சி சொன்னது. 2022 மே மாதம் ஆட்சிக்கும் வந்தார்கள். உக்ரைன் போரில் நிலக்கரி, எரிவாயு விலை எகிறியது உண்மைதான். எரிவாயுவுக்கு ஒரு கிகாஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) 12 டாலர் என்று உச்சவரம்பு வைத்ததும் உண்மை. சரி, ஆனால் அதன்பிறகு லேபர் பிரதமர் அல்பனீசி வாயிலிருந்து அந்த எண் வந்ததே அபூர்வம்.

அப்புறம் 2024 ஜூலையிலிருந்து காலாண்டுக்கு 75 டாலர், மொத்தம் 300 டாலர் அரசு நிவாரணம். பொய் சொல்லக்கூடாது, அந்த வருஷம் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் மின்சாரத்தின் விலை குறையவில்லை. நாம் கட்டிய வரியை எடுத்து நம் பில்லிலேயே கழித்தார்கள். கழிப்பதை நிறுத்தினால் பழைய தொகை பல்லிளிக்கும்.

எதிர்த்தரப்பு மட்டும் யோக்கியமா? கார்பன் வரியை, அதாவது கரியமில வாயுவை வெளியிடும் பெரிய நிறுவனங்கள் மீதான வரியை, ஒழித்தால் குடும்பத்துக்கு 550 டாலர் மிச்சம் என்றார் லிபரல் கட்சியின் டோனி அபட். பிரதமராகி 2014ல் ஒழித்தும் விட்டார். பத்து வருஷம் கழித்து அதே கட்சியின் தலைவராக இருந்த டட்டன் ஏழு இடங்களில் அணு உலை என்று கிளம்பினார். முதல் உலைக்கே 2035 ஆகும் என்பது அவர்களே சொன்ன கணக்கு. அதுவரை கம்பளியா? 2025 தேர்தலில் அவருடைய சொந்த டிக்சன் தொகுதியே கைவிட்டுப் போனது.

பக்கத்து வீட்டுக் கூரையில் சோலார் பளபளக்கிறது. எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கூரை பழசு என்றார். வாடகை மட்டும் புதுசு.