ரிவர்ஸ் மட்டும் போச்சுன்னு வர்ற பழைய ஆட்டோமேட்டிக் வண்டிங்க

"முன்னாடி எல்லாம் சூப்பரா போகுது, ரிவர்ஸ் மட்டும் எடுக்கல" - இப்படி சொல்லிட்டு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வந்துச்சுன்னா அந்த பேச்சுல முதல் பாதிய நான் அப்படியே நம்புறது இல்ல. ஓனர் பொய் சொல்றாருன்னு இல்ல, அவருக்கே தெரியாம இன்னும் ஏதோ ஒண்ணு போயிருக்கும், அது என்னன்னு கண்டுபிடிச்சா கியர்பாக்ஸ கழட்டாமலே முக்கால்வாசி பதில் கிடைச்சிடும்.

மேனுவல் கியர் பெட்டியில ரிவர்ஸுக்குன்னு தனியா ஒரு ஐட்லர் கியர் (நடுவுல நின்னு சுத்துற திசைய மாத்துற பல்சக்கரம்) இருக்கும், அது போச்சுன்னா ரிவர்ஸ் போச்சு, கதை முடிஞ்சுது. சாதாரண ஆட்டோமேட்டிக்ல அப்படி கிடையாது. பிளானட்டரி கியர் செட்டுல (நடுவுல ஒரு சன் கியர், அத சுத்தி சின்ன கியருங்க, வெளிய ஒரு வளையம்) எத சுத்த விடுறோம் எத பிடிச்சு நிறுத்துறோம்ங்கறத வெச்சு தான் எந்த கியர்னு முடிவாகுது, ரிவர்ஸுக்கு பெரும்பாலும் ஒரு கிளட்ச் பிடிக்கணும், கூடவே லோ-ரிவர்ஸ் பிரேக்குன்னு ஒண்ணு இறுகணும் (கால்ல மிதிக்கற பிரேக் இல்ல, பெட்டிக்குள்ள ஒரு பாகத்த சுத்தாம பிடிக்கறது, பழைய பெட்டிங்கள்ல இது சுத்தி இறுக்கற பட்டை, அதாவது பேண்டா இருக்கும்). பேரப் பாத்தாலே தெரியும், அந்த பிரேக்குக்கு லோ-லயும் (லீவர்ல எல்) வேலை இருக்கு. ஒரே ஆளு ரெண்டு ஷிப்ட் பாக்குற மாதிரி தான். அதனால ரிவர்ஸ் ஷிப்டுக்கு ஆள் வரலன்னா லோ ஷிப்டுக்கு வந்தானான்னு பாத்தா போதும், யார் லீவுன்னு தெரிஞ்சிடும்.

இந்த டெஸ்ட பத்தி தான் நான் புதுப் பசங்ககிட்ட திரும்ப திரும்ப சொல்லுவேன். டி-ல (டிரைவ்) வண்டி ஃபர்ஸ்ட் கியர்ல கிளம்பும்போது பல பெட்டிகள்ல லோ-ரிவர்ஸ் பிரேக் வேலையே செய்யாது, ஒரு ஒன்-வே கிளட்ச் (ஒரு பக்கம் மட்டும் சுத்த விடுறது) தான் தாங்குது, அதனால அந்த பிரேக் சுத்தமா செத்துப் போயிருந்தாலும் டி-ல வண்டி ஜம்முனு போகும். ஆனா லீவர எல்-ல போட்டு கொஞ்சம் ஸ்பீடு எடுத்து ஆக்சிலரேட்டர விட்டோம்னா இஞ்சின் வண்டிய பிடிச்சு இழுக்கணும், அந்த பிடிப்ப குடுக்கறது அதே லோ-ரிவர்ஸ் பிரேக் தான். பிடிப்பு இருக்கா, அப்ப பிரேக் உயிரோட இருக்கு, சந்தேகம் ரிவர்ஸ் கிளட்ச் பக்கம் போகுது. பிடிப்பு இல்லாம சும்மா உருண்டு போகுதா, பிரேக் தான் ஆளு. "எல்-ல போட்டா இஞ்சின் பிடிக்குதா சார்"னு ஓனர்கிட்ட கேட்டா பாதி பேர் எல்-ன்னு ஒண்ணு இருக்கறதையே அப்பதான் கவனிப்பாங்க, அதனால நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுவேன்.

சில பெட்டிகள்ல ரிவர்ஸ் கிளட்ச் தான் தேர்ட் கியருக்கும் பிடிக்கும், அப்ப தேர்ட் சேர்ந்து போயிருக்கும். இன்னொரு வகை நாலு கியர் பெட்டியில சன் கியர சுத்த வைக்கிற ஷெல்லோட பல்லு தேஞ்சு உதிர்ந்துடும், அப்ப ரிவர்ஸோட சேர்ந்து செகண்டும் ஃபோர்த்தும் காலி, ஃபர்ஸ்டும் தேர்டும் மட்டும் இருக்கும். ஓனர் என்ன சொல்லுவார், "ரிவர்ஸ் இல்ல, முன்னாடி போறதும் கொஞ்சம் இழுக்குது". கொஞ்சமாம்! ரெண்டு கியரே காணோம். இதுக்கெல்லாம் அந்தந்த பெட்டிக்கான கிளட்ச் சார்ட்ட கையில வெச்சுக்கணும், எந்த கியர்ல எது பிடிக்குதுன்னு ஒரு பக்க அட்டவணை, மனப்பாடமா தெரியும்னு சொல்றவங்கள நான் நம்புறதில்ல.

சரி, இதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது ஒண்ணு ரெண்டு இருக்கு. ஆயில் அளவு, அத இஞ்சின் சூடாகி ஓடிட்டு இருக்கும்போது பாக்கணும், ஆனா சில வண்டிக்கு இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, சில வண்டிக்கு என்-ல வெச்சு, அதனால அந்த வண்டியோட மேனுவல் புத்தகத்த பாத்துக்கணும். அப்புறம் லீவர். பழைய வண்டிங்கள்ல கேபிள் முனையில இருக்கற பிளாஸ்டிக் புஷ் தேஞ்சு லொட லொடன்னு ஆகியிருக்கும், உள்ள டிஸ்ப்ளேல ஆர்-னு காட்டும், ஆனா பெட்டிக்குள்ள மேனுவல் வால்வு (லீவர் நகர்த்தி ஆயில திருப்பி விடுற வால்வு) பி-க்கும் ஆர்-க்கும் நடுவுல நின்னுட்டு இருக்கும். ரிவர்ஸ் லைட்டு எரியலன்னா அங்கயே சந்தேகப்படணும். ஆர்-ல போட்டு, பிரேக்க மிதிச்சபடியே, லீவர மெதுவா ரெண்டு பக்கமும் கொஞ்சம் அசைச்சுப் பாத்தா எங்கயாவது ஒரு எடத்துல கப்புனு பிடிச்சுதுன்னா கியர்பாக்ஸ் மேல பழி இல்ல, புஷ் மாத்தி கேபிள செட் பண்ணா வேலை முடிஞ்சுது. (லீவர்ல எது எங்க இருக்கணும்ங்கறதே ஆரம்பத்துல வேற மாதிரி இருந்துச்சு, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்ல வந்த ஹைட்ரமேட்டிக்ங்கற ஆட்டோமேட்டிக் பெட்டியில பி-யே கிடையாது, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஆர்-ல போட்டா அதுதான் பார்க்கிங் லாக்.)

வண்டி கம்ப்யூட்டர படிக்கற ஸ்கேனர பத்தியும் சொல்லணும். பசங்க வண்டி உள்ள வந்த உடனே ஸ்கேனர மாட்டிடுறாங்க, தப்பில்ல, மாட்டட்டும். ஆனா பழைய நாலு கியர் பெட்டிகள்ல ரிவர்ஸ் பெரும்பாலும் மேனுவல் வால்வு வழியா நேரா ஆயில் பிரஷர்ல ஓடுறது, சொலினாய்டு (கரண்டுல ஆயில் வழிய திறந்து மூடுற வால்வு) எல்லாம் கரண்ட் இல்லாம கெடந்தாலும் ரிவர்ஸும் ஏதோ ஒரு முன் கியரும் இருக்கணும்னு தான் பல பெட்டிய டிசைன் பண்ணியிருக்காங்க. அதனால முன்னாடி எல்லா கியரும் ஒழுங்கா மாறி ரிவர்ஸ் மட்டும் இல்லன்னா கம்ப்யூட்டர நான் கடைசியா தான் சந்தேகப்படுவேன். விதிவிலக்கு இருக்கு, வண்டி முன்னாடி ஓடிட்டு இருக்கும்போது தப்பித்தவறி ரிவர்ஸ் விழாம தடுக்கற அமைப்பு சில வண்டியில உண்டு, ஸ்பீடு சென்சார் நிக்கிற வண்டிய ஓடுறதா சொல்லுச்சுன்னா அது ரிவர்ஸ விடாது. இந்த கேஸ்ல ஸ்கேனர் நெஜமாவே உதவும்.

"எடுக்கல"ங்கறதுலயும் ரெண்டு வகை இருக்கு. ஆர்-ல போட்டு ஆக்சிலரேட்டர மிதிச்சா இஞ்சின் மட்டும் உர்ருனு கத்தி வண்டி நகரலன்னா எதுவோ பிடிக்கல, வழுக்குது. இன்னொண்ணு, இஞ்சின் அமுங்குது, வண்டி முக்குது, ஆனா நகரல, அப்ப எதுவோ பிடிக்கக் கூடாதது பிடிச்சுட்டு இருக்கு. உடனே என்-ல போட்டுப் பாக்கணும், என்-லயே வண்டி முன்னாடி ஊர்ந்துச்சுன்னா ஃபார்வர்ட் கிளட்ச் தட்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம், ஆர்-ல போட்டா முன்னாடி இழுக்கறதும் பின்னாடி இழுக்கறதும் ஒரே நேரத்துல நடந்து பெட்டி பூட்டிக்கும். இது எதுவும் இல்லாம பின் சக்கரத்துல பிரேக் ஷூ ஒட்டிக்கிட்டு நகராம இருந்த வண்டியும் ரிவர்ஸ் இல்லன்னு சொல்லி எங்ககிட்ட வந்திருக்கு.

வழுக்குதுன்னா எவ்வளவுன்னு பாக்க ஸ்டால் டெஸ்ட் இருக்கு, சக்கரத்துக்கு கட்டை வெச்சு, பிரேக்க முழுசா அமுக்கி, ஆக்சிலரேட்டர முழுசா குடுத்து ஆர்பிஎம் எங்க நிக்குதுன்னு பாக்கறது. 5 செகண்டுக்கு மேல கூடாது, அந்த நேரத்துல இஞ்சினோட மொத்த சக்தியும் ஆயில சூடாக்குறதுக்கு தான் போகுது. டி-ல சரியா நின்னு ஆர்-ல மட்டும் எகிறுச்சுன்னா வழுக்கறது உறுதி, டார்க் கன்வர்ட்டர் (இஞ்சின் சக்திய ஆயில் வழியா பெட்டிக்கு குடுக்கறது) மேல தப்பில்லங்கறதும் உறுதி, ஏன்னா கன்வர்ட்டர் ரெண்டுக்கும் ஒண்ணே தான். ஆனா பழைய வண்டியில இந்த டெஸ்ட நான் யோசிச்சு தான் பண்ணுவேன், உயிர் ஊசலாடுற கிளட்ச நானே முடிச்சு விட்ட மாதிரி ஆயிடும். அதுக்கு பதில் பிரஷர் கேஜ் மாட்டறது நல்லது. ரிவர்ஸ்ல அந்த பிரேக்கும் கிளட்சும் தாங்க வேண்டிய டார்க் அதிகம், அதனால பல பெட்டிகள்ல ஆர்-ல லைன் பிரஷர் (பெட்டியோட பம்ப் குடுக்கற முக்கிய ஆயில் பிரஷர்) டி-ல இருக்கறத விட ஒன்றரை மடங்கு பக்கம் ஏறும். ஏறலன்னா பம்ப்போ ரெகுலேட்டர் வால்வோ. நல்லா ஏறியும் பிடிக்கலன்னா அந்த கிளட்சுக்கு போற வழியில கசிவு, இல்ல தட்டே தேஞ்சு போச்சு.

வயசான பெட்டியில நான் அதிகமா பாக்கறது சீல் தான். பிஸ்டன சுத்தி இருக்கற ரப்பர் சீல் வருஷக்கணக்கா சூட்டுல கெடந்து விறைச்சுப் போயிடும், வளையாது, பிஸ்டன் ஓரத்துல ஆயில் தப்பிச்சுப் போகும். இது ஒரே நாள்ல வராது. முதல்ல காலையில வண்டி எடுக்கும்போது ஆர்-ல போட்டா கொஞ்ச நேரம் கழிச்சு தான் பிடிக்கும், சூடானதும் சீல் கொஞ்சம் இளகி சரியாயிடும், ஓனரும் "வண்டி பழசு, அப்படித்தான்"னு விட்டுடுவார். சில ஜப்பான் பெட்டிகளோட மேனுவல்ல என்-ல இருந்து டி-க்கு 1.2 செகண்டு, ஆர்-க்கு 1.5 செகண்டுக்குள்ள பிடிக்கணும்னு போட்டிருக்கும், மூச்சு விட்டு காத்திருக்கற அளவுக்கு ஆச்சுன்னாலே பெட்டி பேச ஆரம்பிச்சிடுச்சு. நேர்மாறாவும் வரும், குளிர்ந்திருக்கும்போது நல்லா பிடிச்சு சூடானா வழுக்கும், ஆயில் இளகி கசிவு கூடுறது அது. அதனால "எப்ப எடுக்கல, காலையிலயா ஓடி நின்ன பிறகா"ங்கற கேள்விய நான் விடவே மாட்டேன்.

சமீபத்துல பாத்த ஒரு வண்டி அப்படித்தான். எல்-ல இஞ்சின் பிடிப்பு இல்ல, லைன் பிரஷர் சரி, ஆயில் கருத்திருந்தாலும் தீஞ்ச வாசனை பெருசா இல்ல. பெட்டி அடியில இருக்கற ஆயில் பேன கழட்டுனா அதுல இருக்கற காந்தத்துல மெல்லிசா கருப்பு பசை, அது எந்த பழைய பெட்டியிலயும் இருக்கும், உலோகத் துண்டோ பித்தளை மினுக்கமோ இல்ல. வால்வு பாடிய (ஆயில அந்தந்த கிளட்சுக்கு பிரிச்சு விடுற பாகம்) இறக்கி லோ-ரிவர்ஸ் பிரேக்குக்கு போற ஓட்டையில கம்ப்ரசர் காத்த 40 பிஎஸ்ஐ-க்குள்ள வெச்சு குடுத்தோம். நல்லா இருந்தா டொக்குனு பிஸ்டன் அடிக்கற சத்தம் வந்து நிக்கணும். இதுல டொக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, புஸ்ஸுனு தான் வந்துச்சு. கூட இருந்த பையன் "அண்ணே, ரிவர்ஸ் கிளட்சயும் ஊதிப் பாக்கலாமா"ன்னு கேட்டான், நல்ல கேள்வி, ஊதினோம், அது டொக்குனு அடிச்சுது. அப்புறம் தான் பெட்டிய கீழ எறக்கினோம்.

எறக்குனா சீல் ஒண்ண மட்டும் மாத்திட்டு மூடலாமான்னு ஓனர் கேப்பார், நியாயமான கேள்வி. நான் ஒத்துக்கறதில்ல. உள்ள இருக்கற மத்த சீல் எல்லாம் அதே வயசு, அதே சூட்டுல வெந்தது, ஒரு தடவ எறக்குனா சீல் செட் முழுசா, கசிஞ்ச பிரேக்கோட தட்டு செட்டு, ஃபில்டர். மத்த தட்டுங்கள அளந்து பாத்து நல்லா இருந்தா விட்டுடலாம்.

ஆயில் மட்டும் மாத்தி பாக்கலாமேன்னு கேக்கறவங்களும் உண்டு. புது ஆயில் ஊத்துனதும் கியர் போச்சுன்னு சொல்றவங்க பலபேர் எப்ப ஊத்துனாங்கன்னு கேட்டா, வழுக்க ஆரம்பிச்ச பிறகு தான், அதனால பழி புது ஆயில் மேல இல்ல.

ரிவர்ஸ் இல்லாமலே கொஞ்ச நாள் ஓட்டலாமாங்கறதுக்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. சீல் கசிவுதான்னு உறுதியா தெரிஞ்சா, ஆர்-ல போட்டு முக்கி முக்கி பாக்காம இருந்தா, கொஞ்ச நாள் தள்ளலாம், முன்பக்கத்த வெளிய பாத்து நிறுத்திட்டு சமாளிக்கறவங்க இருக்காங்க. ஆனா பேன்ல உலோகத் துண்டு பாத்த வண்டிக்கு நான் சாவிய குடுத்து ஓட்டிட்டு போங்கன்னு சொல்றதில்ல, அந்த துண்டுங்க ஆயிலோட சுத்தி வால்வு பாடிக்குள்ளயும் ஆயில் கூலருக்குள்ளயும் போயிடும், அப்புறம் இருக்கற முன் கியரும் இருக்காது, பெட்டியோட சேத்து கூலரையும் மாத்த வேண்டி வரும், அந்த வண்டிய ஏத்திட்டு போக வேற வண்டி தான் கூப்பிடச் சொல்லுவேன்.