சீல் உடைந்த பெட்டி

லண்டன் வைட்சாப்பலில், ராயல் லண்டன் மருத்துவமனை ரத்த வங்கியில் சேர்ந்த புதிதில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது பெட்டி கட்டுவதுதான். ஓ நெகட்டிவ் ரத்தப் பைகளைக் குளிர்பெட்டியில் அடுக்கணும். உள்ளே 2 முதல் 6 டிகிரிக்குள் இருக்கணும். மூடி சீல் வைத்தால் ஏர் ஆம்புலன்ஸ் குழு எடுத்துப் போய்விடும்.

மாடியின் உச்சியில் ஹெலிபேட். அந்தச் சிவப்பு ஹெலிகாப்டர் அடிபட்டவரைத் தூக்கிவரத்தான் போகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது டாக்டரையும் பாராமெடிக்கையும் தெருவில் கொண்டுபோய் இறக்கத்தான் பறக்கிறது. அடிபட்டவர் பெரும்பாலும் சாலை வழியாகத்தான் வருவார், டாக்டரும் கூடவே வருவார். இருட்டினால் ஹெலிகாப்டருக்குப் பதில் கார் போகும்.

2012-இல்தான் இந்தக் குழு ரத்தத்தைச் சம்பவ இடத்துக்கே கொண்டுபோகத் தொடங்கியது. பிரிட்டனில் அதுவே முதல்முறை. அதுவரை சலைன்தான் ஏற்றுவார்கள். சலைன் ஏற ஏற பிரஷர் கூடலாம். ஆனால் அது ஆக்சிஜனைச் சுமக்காது, இருக்கிற ரத்தத்தையும் நீர்க்கச் செய்துவிடும்.

1989-இல் தொடங்கிய இந்தச் சேவை பெரும்பாலும் மக்கள் கொடுக்கும் பணத்தில்தான் நடக்கிறது. 2024-இல் வந்த இரண்டு புது ஹெலிகாப்டர்களும் அப்படித் திரட்டிய நிதியில் வாங்கியவை. பையில் இருக்கும் ரத்தமும் யாரோ காசு வாங்காமல் கொடுத்ததுதானே. பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பெட்டி சீல் உடையாமல் திரும்பினால் மனசு லேசாகும். உடைந்திருந்தால் யாருக்கோ ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தப் பையை யாருக்கு ஏற்றினார்கள் என்று எழுதி அனுப்பும் டேக்கை, அதாவது பையின் அடையாளச் சீட்டை, முதலில் தேடுவேன். ஒவ்வொரு பையும் யாருக்குப் போனது என்ற பதிவை 30 வருஷம் வைத்திருக்க வேண்டும். இங்கே அது சட்டம்.

ஒருநாள் மூன்று டேக்குகள் வந்தன. மூன்றிலும் 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 30'. மழையில் நின்று எழுதியிருக்க வேண்டும், மை பரவியிருந்தது. கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. பதிவு செய்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் பெயர் கிடைத்தது, பதிவில் சேர்த்தேன். அப்புறம் தினமும் அவர் சாம்பிள் குழாய் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பதினோராம் நாள் வந்த குழாயின் லேபிளில் சாதாரண வார்டு என்று இருந்தது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.