உங்கள் ஏபிஐ-க்கு ‘முடியாது’ என்று சொல்லத் தெரியுமா?

ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) எழுதப் பழகுகிறவர்களில் பெரும்பாலானோர் சோதிக்கும் விதம் ஒன்றுதான். பைத்தானில் ஏபிஐ எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ தானாகவே உருவாக்கித் தரும் ‘டாக்ஸ்’ பக்கத்தைத் திறப்பார்கள், அங்கே இருக்கும் மாதிரியைக் கொஞ்சம் மாற்றி அனுப்புவார்கள், ‘சரி’ என்று பொருள்படும் 200 என்ற ஸ்டேட்டஸ் எண் வந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஏபிஐ-யைப் புரிந்துகொள்ள அந்தப் பக்கம் அருமையானது. ஆனால் முகவரியில் கட்டாயமாக வர வேண்டிய மதிப்பை விட்டுவிட்டால் அந்தப் பக்கமே தடுத்துவிடும். ரிக்வெஸ்ட் சர்வர் வரை போகவே போகாது. ஏபிஐ உடைவதோ இப்படிப்பட்ட தப்பான ரிக்வெஸ்ட்களில்தான். அதனால் கோடு எழுத உட்காரும்போதே, எதையெல்லாம் மறுக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன நூலகத்தின் இரவல் கணக்கை எடுத்துக்கொள்வோம். புத்தகப் பட்டியலுக்கு ஒரு கெட் (தகவல் கேட்கும் ரிக்வெஸ்ட்), இரவல் பதிய ஒரு போஸ்ட் (தகவல் அனுப்பும் ரிக்வெஸ்ட்), திருப்பித் தர இன்னொரு போஸ்ட். இரவல் ரிக்வெஸ்டில் புத்தக எண், உறுப்பினர் எண், நாட்கள் என மூன்று விவரம். நாட்களைத் தராவிட்டால் 14. ஃபாஸ்ட்ஏபிஐ-யை ‘ஸ்டாண்டர்ட்’ தொகுப்போடு பிப் வழியாக நிறுவினால், ஏபிஐ-யை ஓட்டும் சர்வரான யுவிகார்னும், டெஸ்டுக்கு வேண்டிய எச்டிடிபிஎக்ஸும் கூடவே வந்துவிடும். டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்டை மட்டும் தனியாக நிறுவ வேண்டும்.

இரவல் பதிவானால் 201. அந்தப் புத்தகம் ஏற்கெனவே வெளியே போயிருந்தால் 409. நாட்கள் என்ற இடத்தில் ‘பத்து’ என்று எழுத்தில் வந்தால் 422. இதை ஃபாஸ்ட்ஏபிஐ-யே பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் 200 கொடுத்துவிட்டு, உள்ளே ‘சக்சஸ்: ஃபால்ஸ்’ என்று எழுதும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். மொபைல் ஆப், கேஷ், கண்காணிப்புக் கருவி எல்லாமே முதலில் பார்ப்பது ஸ்டேட்டஸ் எண்ணைத்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: ஃபாஸ்ட்ஏபிஐ தானாகத் தரும் 422-இல் ‘டீடெயில்’ என்பது ஒரு பட்டியல். நீங்கள் எச்டிடிபி எக்செப்ஷன் வழியாக அனுப்பும் 409-இல் அதே ‘டீடெயில்’ பெரும்பாலும் வெறும் வாக்கியம். ஃப்ரன்ட்எண்ட் எழுதுகிறவர் ஒன்றை நம்பி எழுதினால் மற்றது வரும்போது திரை உடையும். 422-க்கு உங்கள் சொந்த ஹேண்ட்லரை எழுதி, இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளப்படும் தவறுகள் இன்னும் மோசம். வரும் தரவைச் சரிபார்க்கும் பைடான்டிக் மாடலில் நாட்களை ‘இன்ட்’ என்று மட்டும் அறிவித்தால் 0-வும் போகும், மைனஸ் 5-உம் போகும். குறைந்தது 1, அதிகம் 30 என்று ஃபீல்டிலேயே வரம்பு போடுங்கள். வேறொரு மாடலில் பெயரை ‘ஸ்ட்ரிங்’ என்று மட்டும் விட்டால் வெற்றுப் பெயரும் செல்லும். இன்னொன்று, அனுப்புகிறவர் ‘டேஸ்’ என்ற சாவியில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து 7 நாள் கேட்கிறார் என்று வையுங்கள். தெரியாத சாவிகளைப் பைடான்டிக் இயல்பாகவே கண்டுகொள்ளாது. அவர் கேட்ட 7 காணாமல் போய், 14 நாளுக்கு இரவல் பதிவாகி, 201-உம் வந்துவிடும். மாடலின் அமைப்பில் ‘எக்ஸ்ட்ரா’ என்பதை ‘ஃபர்பிட்’ ஆக்குங்கள். அப்போது 422 வரும், தவறு அன்றைக்கே தெரியும்.

கையால் சோதிக்க, டெர்மினலிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் நல்லது. மைனஸ் ஐ (-i) கொடுத்தால் ஸ்டேட்டஸும் ஹெடரும் பாடியோடு சேர்ந்து தெரியும். மைனஸ் டி (-d) கொடுத்து ஜேசன் அனுப்பினால், கர்ல் அதை ஃபார்ம் தரவு என்றே ஹெடரில் சொல்லும்; ஜேசன் சரியாக இருந்தும் 422 வருவதற்கு இதுவே வழக்கமான காரணம். 7.82 பதிப்பிலிருந்து தனியாக ஜேசன் ஆப்ஷனே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஒற்றை மேற்கோள் வேலை செய்யாது. ஜேசனை ஒரு ஃபைலில் வைத்து, ஃபைல் பெயருக்கு முன் அட் குறி போட்டு அனுப்பினால் தலைவலி இல்லை.

இனி பைடெஸ்ட். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு டெஸ்ட். புத்தகம் 3-ஐ இரவல் எடு, 201 வருகிறதா பார். அதே புத்தகத்தை வேறு உறுப்பினர் பெயரில் எடு, 409 வருகிறதா பார். அதோடு நிறுத்தாமல், டேட்டாபேஸில் அந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு இரவல் வரிதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். வரியைச் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு 409 சொல்லும் கோடும் உண்டு. டெஸ்ட் பச்சை காட்டியதும், புத்தகம் உள்ளே இருக்கிறதா என்று ஏபிஐ கோடில் சோதிக்கும் ‘இஃப்’ வரியை ஒருமுறை கமெண்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பச்சையாகவே இருந்தால் அந்த டெஸ்ட் எதையும் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

டெஸ்டுக்கு எஸ்க்யூஎல்லைட் டேட்டாபேஸை மெமரியில் ஓட்டுகிறவர்களுக்கு ‘அப்படி ஒரு டேபிளே இல்லை’ என்ற பிழை வரும், டேபிளை உருவாக்கியிருந்தும். மெமரி டேட்டாபேஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. டெஸ்ட் ஒரு திரெட்டிலும் எண்ட்பாயிண்ட் (ரிக்வெஸ்டைக் கையாளும் ஃபங்ஷன்) இன்னொரு திரெட்டிலும் ஓடுவதால், எண்ட்பாயிண்டுக்குக் கிடைப்பது காலி டேட்டாபேஸ். பைத்தானை டேட்டாபேஸோடு இணைக்கும் எஸ்க்யூஎல்ஆல்கெமியில் ‘ஸ்டாட்டிக் பூல்’ (எல்லாமே ஒரே இணைப்பைப் பயன்படுத்தும் அமைப்பு) கொடுத்து, ஒரே திரெட்தானா என்று பார்க்கும் சோதனையை அணைத்தால் சரியாகிவிடும்.

இத்தனை டெஸ்டும் பிடிக்காத பிழை ஒன்று உண்டு. ‘புத்தகம் உள்ளே இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டு, பிறகு இரவல் வரியைச் சேர்க்கிறோம். அந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு ரிக்வெஸ்ட் நுழைந்தால் இரண்டுமே ‘இருக்கிறது’ என்று கண்டு, ஒரே புத்தகத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும். டெஸ்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதால் இது வெளியே தெரியாது. பைத்தானில் எத்தனை ‘இஃப்’ எழுதினாலும் இது தீராது. டேட்டாபேஸே மறுக்க வேண்டும். திருப்பித் தந்த தேதி காலியாக இருக்கும் வரிகளுக்கு மட்டும், புத்தக எண் மீது யுனிக் இண்டெக்ஸ் போடுங்கள். போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல்லைட் இரண்டிலும் இப்படி நிபந்தனையோடு இண்டெக்ஸ் போடலாம். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி நேரடியாக இல்லை. இரண்டாவது ரிக்வெஸ்டுக்கு ‘இன்டெக்ரிட்டி எரர்’ வரும். அதைப் பிடித்து, செஷனை ரோல்பேக் செய்துவிட்டு (பாதியில் நின்ற மாற்றத்தைக் கைவிட்டு) 409 அனுப்புங்கள். ரோல்பேக் செய்யாமல் அதே செஷனைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அடுத்த குவெரியும் பிழையில்தான் முடியும்.

கடைசியாக, ‘போஸ்ட்மேனில் வருகிறது, பிரவுசரில் வரவில்லை’ என்ற புகார். இதற்குக் காரணம் கோர்ஸ். ஒரு பக்கம் வேறு ஆரிஜினில் (புரோட்டோகால், ஹோஸ்ட், போர்ட் சேர்ந்த அடையாளம்) உள்ள ஏபிஐ-யின் பதிலைப் படிக்கலாமா என்று பிரவுசர் மட்டும் பார்க்கும் விதி அது. ரிக்வெஸ்ட் அனுப்பிச் சோதிக்கும் கருவிகளான போஸ்ட்மேனும் கர்லும் அதைப் பார்ப்பதில்லை. போர்ட் 3000-இல் ஓடும் பக்கமும் 8000-இல் ஓடும் ஏபிஐ-யும் பிரவுசருக்கு வெவ்வேறு ஆரிஜின். லோக்கல்ஹோஸ்டும் 127.0.0.1-உம்கூட வேறு வேறுதான். கோர்ஸ் மிடில்வேரில் பக்கத்தின் முகவரியைப் போர்ட்டோடு, கடைசியில் சாய்கோடு இல்லாமல் எழுதுங்கள். அது சரியாக இருந்தும் கோர்ஸ் பிழை வந்தால், பிரவுசரை விட்டுவிட்டு யுவிகார்ன் ஓடும் டெர்மினலைப் பாருங்கள். பிடிக்கப்படாத எக்செப்ஷனால் வரும் 500 (சர்வருக்குள் பிழை), ஃபாஸ்ட்ஏபிஐ-யில் கோர்ஸ் மிடில்வேருக்கு வெளியே உருவாகிறது. அதனால் அதில் கோர்ஸ் ஹெடர் இருக்காது, பிரவுசரும் அதைக் கோர்ஸ் பிழை என்றே காட்டும். உண்மையான காரணம் டெர்மினலில் வந்து விழுந்திருக்கும் டிரேஸ்பேக்கின் (பிழை விவரத்தின்) கடைசி வரியில் இருக்கும்.