குனியப் பழகிய கதை

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் டேலி என்ற கணக்கு மென்பொருள் முன்னால் உட்கார்ந்த வேலை. சீசன் வந்தால் கணக்கு எழுதுகிறவனும் துணிப் பேல் தூக்கத்தான் வேண்டும். இடுப்புவலி எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்லத் தெரியவில்லை. பைக்கிலிருந்து இறங்கும்போது ஒரு பிடிப்பு என்றுதான் தொடங்கியது. அப்புறம் காலையில் முகம் கழுவக் குனிந்தாலே சுரீர் என்றது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்பார்கள். எனக்கு அதெல்லாம் தாண்டி ஒரு தீபாவளி சீசனே போய்விட்டது.

எல்லோரும் போகிற வழியில்தான் நானும் போனேன். தைலம், மாத்திரை, பெல்ட். ஒரு கிளினிக்கில் கரண்ட் வைத்தார்கள், இடுப்பில் பட்டை கட்டி இழுத்தார்கள். அன்று சாயங்காலம் வரை சுகமாக இருக்கும், மறுநாள் பழைய கதைதான். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பின் அடியில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற இரண்டு இடத்திலும் டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, பிதுங்கியிருப்பதாக வந்தது. “ஜவ்வு விலகியிருக்கு, இனிமேல் குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வலியை விட இந்த வார்த்தைதான் என்னை முடக்கியது. கீழே விழுந்த பேனாவைக் காலால் தள்ளிச் சுவரோரம் கொண்டுபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு எடுப்பேன். தண்ணீர் கேன் வந்தால் அம்மா, “கண்ணு, நீ தொடாதே” என்று தானே உருட்டிக்கொண்டு போவார். எழுபது வயதுக்காரர் உருட்ட நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்னொரு எலும்பு டாக்டரிடம் போனபோது அவர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் என்னைப் பார்த்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார், காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா, காலில் பலம் குறைகிறதா, காய்ச்சல், எடை குறைவு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதில் ஏதாவது இருந்தால் உடற்பயிற்சி பற்றிப் பேச்சே இல்லை, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எனக்கு எதுவும் இல்லை. பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தார்.

பிசியோதெரபிஸ்ட் இளம்பெண். ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் பயந்து பயந்து நீட்டியதும், “சார், வலியே இல்லாதவங்களைப் பிடிச்சு ஸ்கேன் எடுத்தாலும் இது வரும்” என்றார். 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பைச் சொன்னார். இடுப்புவலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்ததாம். எண்பது வயதில் 84 சதவீதம். நரைமுடி மாதிரி என்றார். எனக்குப் பாதி வலி அங்கேயே போனது என்று சொன்னால் மிகை, பாதிப் பயம் போனது.

கனடாவில் ஸ்டுவர்ட் மெக்கில் என்ற முதுகெலும்பு ஆய்வாளர் பிரபலமாக்கிய மூன்று பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். முதலாவது, மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி, மற்ற காலை நீட்டி, இரண்டு கைகளையும் இடுப்பின் வளைவுக்கு அடியில் வைத்துக்கொண்டு தலையையும் தோளையும் கொஞ்சம் மட்டும் தூக்குவது. நான் பள்ளிக்கூடத்து சிட்-அப் மாதிரி எழுந்துவிட்டேன். “அவ்வளவு வேண்டாம் சார், தலைக்கு அடியில் ஒரு காகிதம் உருவுற அளவு போதும்” என்றார். இரண்டாவது, ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. ஆரம்பத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டே செய்யலாம். மூன்றாவது, தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நீட்டுவது, அப்புறம் பக்கம் மாற்றுவது. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் பத்து விநாடி நிற்க வேண்டும். ஆறு முறை, சற்று ஓய்வு, நான்கு முறை, ஓய்வு, இரண்டு முறை. பலம் வந்தால் விநாடியைக் கூட்டக் கூடாது, முறையைத்தான் கூட்ட வேண்டும்.

பார்க்கச் சுலபம். வீட்டில் பாயை விரித்து மூன்றாவதைச் செய்தபோது கால் ஆடியது, கை ஆடியது, மகள் முதுகில் ஏறி உட்கார்ந்தாள்.

எழுந்தவுடன் செய்யாதே என்பது முக்கியமான ஒரு விதி. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகவே இருப்போம். அந்த விறைப்பில் குனிந்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் அதிகம். முகம் கழுவும்போது சுரீர் என்றதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அதனால் ஒரு மணி நேரம் எழுந்து நடமாடிய பிறகுதான் பாய்.

ஆனால் எனக்கு அதிகம் உதவியது இந்த மூன்றும் அல்ல, ஒட்டடைக் கம்புதான். கம்பை முதுகோடு செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். பின்தலை, முதுகின் நடு, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு ஆகிய மூன்றிலும் கம்பு பட வேண்டும். அது எங்கேயும் விலகாமல், புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். முதுகு வளையாமல் இடுப்பு மூட்டு மடங்குகிறது. கண்ணாடி முன்னால் இதைப் பழகிக்கொண்டிருந்தபோது மனைவி, “என்னங்க, ஒட்டடை அடிக்கிறீங்களா, யாருக்காவது கும்பிடு போடுறீங்களா?” என்றாள். இரண்டு வாரத்தில் அதே குனிதலில் பாதி நிரம்பிய வாளி, அப்புறம் முழு வாளி. எடையைப் படிப்படியாக ஏற்றினோம். கேஸ் சிலிண்டரை நகர்த்திய அன்று அம்மா திட்டினார், எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வயிற்றையும் இடுப்பையும் சுற்றியுள்ள ‘கோர்’ தசை, ‘கோர்’ தசை என்று யூடியூப் முழுக்க ஒரே மந்திரமாக இருக்கிறது. நீண்ட காலக் கணக்கில் மற்ற உடற்பயிற்சிகளைவிட இது பெரிதாக உயர்த்தி இல்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. விடாமல் செய்யப் பிடிப்பது எதுவோ அது போதும். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியிலும் உடற்பயிற்சி உண்டு. பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்று இருக்கிறது. படித்தபோது என் பீரோவில் கிடந்த பெல்ட்டின் விலை ஞாபகம் வந்தது. வெறும் நடைக்கே பலன் உண்டு: 2024இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்புவலி குணமானவர்களில் வழிகாட்டுதலோடு நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுத்தரக் கணக்கில் 208 நாள் ஆனது, அந்த வழிகாட்டுதல் இல்லாதவர்களுக்கு 112 நாள். நான் சாயங்காலம் வ.உ.சி. பூங்காப் பக்கம் அரைமணி நேரம் நடக்கிறேன். கடையில் அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நின்று பில்லைச் சரிபார்க்கிறேன். முதலாளி முதலில் முறைத்தார், இப்போது பழகிவிட்டது.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. சீசனில் தூக்கம் கெட்டால் எட்டிப் பார்க்கும். அந்த நாட்களில் பயிற்சியை நிறுத்துவதில்லை, பாதியாகக் குறைப்பேன். நடையை மட்டும் விடுவதில்லை. நாலைந்து நாளில் அடங்கிவிடும். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போவது மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. சென்னைக்குக் கொள்முதல் வேலையாகப் போனால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டுதான் போகிறேன், டிக்கெட் கிடைத்தால்.