தீ கக்கிட்டுப் போன ஆகாசக் கப்பல்

கீழக்கரையில எங்க தெருவுல யாராச்சும் சபர்ல, அதாவது வெளிநாட்டுப் பயணத்துல இருந்து வந்து இறங்குனா, பெட்டி திறக்குற நேரம் பாத்து பிள்ளைங்க கூட்டம் தானா கூடிரும். 1983ல எங்க மாமா சிங்கப்பூர்ல இருந்து வந்தப்பவும் அப்படித்தான், கோடாலித் தைலம், உம்மாவுக்கு சேலை, பூப்போட்ட பீங்கான் செட்டுன்னு ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு, கடைசியா அந்த பீங்கானுக்கு அடியில மெத்தை மாதிரி போட்டு வச்சிருந்த ஒரு தடிமனான புத்தகம், அட்டை இல்லாம. அது யாருக்கும்னு வாங்குனது இல்ல, பழைய புத்தகக் கடையில பீங்கானுக்கு அடியில போடன்னு எடுத்தது. நான் அதை எடுத்து விரிச்சவன் கீழ வைக்கவே இல்ல. மாமா பாத்துட்டு "உனக்குத்தான் மருமவனே, வச்சுக்க"ன்னுட்டாரு. எனக்கு அப்ப ஒம்போது வயசு.

ஸ்டார் ட்ரெக் காமிக்ஸ் அது. அமெரிக்காவுல 1966 செப்டம்பர்ல தொடங்கி மூணு சீசன், 79 எபிசோட் ஓடுன விண்வெளிக் கப்பல் டிவி தொடரை வச்சு கோல்ட் கீன்னு ஒரு கம்பெனி 1967ல இருந்து காமிக்ஸா போட்டுச்சு, 1979 வரைக்கும் மொத்தம் 61 இதழ். அதுல முதல் எட்டையும் சேத்து 1976ல ஒரே புத்தகமா போட்டாங்க, என் கையில இருந்தது அதுதான். இதெல்லாம் நான் ரொம்ப வருசம் கழிச்சு தேடித் தெரிஞ்சுக்கிட்டது. அப்ப எனக்கு அது "கப்பல் புத்தகம்", அவ்வளவுதான்.

ஏன்னா அதுல கப்பல் இருந்துச்சு, எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே பெரிய விஷயம் கப்பல்தானே. ஆனா இந்தக் கப்பல் தட்டு மாதிரி வட்டமா இருந்துச்சு, பின்னாடி ரெண்டு நீளக் குழாய், அந்த ரெண்டு குழாய் வாயிலயும் சும்மா குபுகுபுன்னு தீ. மஞ்சளும் சிவப்புமா. நம்ம கரையில வத்தை கிளம்பும்போது இஞ்சின் புகையைக் கக்கிட்டுப் போகும்ல, அதே மாதிரி வானத்துல தீயைக் கக்கிட்டுப் போச்சு என்டர்பிரைஸ். அந்த ஒரு படத்தை மட்டும் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, அச்சுல இருந்த சின்னச் சின்ன புள்ளி கூட ஞாபகம் இருக்கு, தீ முடியுற எடத்துல மஞ்சப்புள்ளி விலகி விலகி போய் கருப்புல கரைஞ்சிடும்.

இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். மாமா கப்பல்ல பண்டாரியா, அதாவது சமையலுக்கு, பல வருசம் ஓடுனவரு, இங்கிலீஷ் பேசவும் வரும் படிக்கவும் வரும். அசர் தொழுதுட்டு வந்து திண்ணையில உக்காந்தாருன்னா நான் புத்தகத்தோட ஆஜர். அவரு படிச்சு சொல்ற விதமே தனி, கிர்க்கை "கேப்டன்"ன்னு மட்டும்தான் சொல்லுவாரு, பேரு சொல்ல மாட்டாரு, கேப்டனைப் பேரு சொல்லிக் கூப்புடுற பழக்கம் கப்பல்ல இல்லைன்னு. கூர்க்காது வச்ச ஸ்பாக்கை "காதுக்காரரு". அவருக்குப் பிடிச்ச ஆளு இஞ்சின் ரூம் ஸ்காட்டிதான். "மேல நிக்கிறவன் தூரத்தைப் பாப்பான்டா, கீழ இருக்குறவன்தான் கப்பலை கொண்டுபோறவன்"பாரு. நான் அதுக்கப்புறம் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் முதல்ல ஸ்காட்டி இருக்காரான்னுதான் தேடுவேன்.

முதல் கதை செடி கதை. ஒரு கிரகம் முழுக்க ஆளை முழுங்குற செடிங்க, காத்துல பறந்து வர்ற விதைத்தூள் மேல பட்டா உயிரோட இருக்குறதும் செடியா மாறிடும். இதை ராமநாதபுரம் ஜில்லாவுல உக்காந்து படிக்கிற பையனுக்கு எப்படி இருந்திருக்கும்னு சொல்லவே வேணாம், ஊரைச் சுத்தி சீமைக்கருவேலம், கம்மாய்க்குள்ள கருவேலம், பள்ளிக்கூடத்துக்குப் போற பாதையில ரெண்டு பக்கமும் கருவேலம், ஆடு நெத்தைத் தின்னுட்டுப் போற எடத்துல எல்லாம் அடுத்த மழைக்கு மொளைச்சு நிக்கும். நான் ஒரு மாசம் கைய சட்டைக்குள்ள விட்டுக்கிட்டுத்தான் அந்தப் பாதையில நடந்தேன். கடைசியில காதுக்காரரு மேல இருந்து கப்பலோட லேசரை விட்டு எரிப்பாரு. "நல்ல மரத்தையெல்லாம் விட்டுட்டு முள்ளை மட்டும் எரிச்சாரு, பனை மரம் ஒண்ணு கூட கருகலை"ன்னு மாமா சொன்னாரு. எனக்கு நிம்மதியாச்சு. நம்ம ஊருக்கும் ஒரு தடவை வந்துட்டுப் போகட்டுமேன்னு மொட்டைமாடியில படுத்துக்கிட்டு நெனைச்சிருக்கேன், உண்மையாவே நெனைச்சிருக்கேன்.

மூணாவது கதையும் மறக்காது, மெஷினுங்க தானாவே நகரத்தைக் கட்டிக்கிட்டே போகும், நிறுத்த ஆள் இல்லாம, விவசாயம் பண்ண ஒரு முழம் மண்ணு மிஞ்சாது. இப்ப ராமநாதபுரம் பைபாஸ்ல வர்றப்பல்லாம் ஞாபகம் வருது.

அப்புறம் 80கள் நடுவுல மெட்ராஸ்ல மண்ணடியில சொந்தக்காரங்க வீட்டுக்கு லீவுக்குப் போனப்ப ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தூர்தர்ஷன்ல அந்தத் தொடரையே பாத்தேன். எங்க ஊர்ல அப்ப ஆன்டெனாவைத் தூக்குனா கொழும்பு ரூபவாகினிதான் பளிச்சுனு விழும், ராமேஸ்வரத்துல 323 மீட்டர் டவர் வந்ததெல்லாம் 1995ல. அதனால எனக்கு இதுதான் முதல் தடவை. கப்பல் வந்துச்சு. குழாயில தீ இல்ல! சும்மா வெள்ளையா, சத்தமில்லாம வழுக்கிட்டுப் போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, யாரோ என் கப்பலை அணைச்சு விட்ட மாதிரி.

ஏன் அப்படின்னு தெரிஞ்சது இணையம் வந்த பிறகுதான். அந்தக் காமிக்ஸை வரைஞ்சது அமெரிக்கா ஆளுங்க இல்ல, இத்தாலிக்காரங்க. முதல் ரெண்டு இதழ் நெவியோ ஸெக்காரா, அதுக்கப்புறம் ரோம்ல ஸ்டூடியோ வச்சிருந்த அல்பெர்ட்டோ ஜியோலிட்டி. அந்தத் தொடரை ஒரு தடவை கூட பாக்காம, அனுப்பி வச்ச போட்டோவை மட்டும் வச்சு வரைஞ்சவங்க. ராக்கெட்டுன்னா பின்னாடி தீ வரணும்தானே, அதனால தீ போட்டுட்டாங்க. தொடரோட ரசிகர்கள் நிறைய பேரு இதைத் தப்புன்னுதான் சொல்றாங்க, எனக்கு அப்படி சொல்ல மனசு வரலை. ரோம்ல ஒருத்தரு பாக்காம வரைஞ்சாரு, கீழக்கரையில ஒருத்தன் பாக்காம படிச்சான், ரெண்டு பேரும் சேந்து பாத்த கப்பல் அது. அதை எந்த டிவியாலயும் திருத்த முடியாது.

இங்கிலாந்துலயும் இதே கூத்துதான் நடந்திருக்கு. அங்க பிபிசி தொடரை ஒளிபரப்புனது 1969 ஜூலையில, ஆனா ஜனவரியிலயே ஒரு பிள்ளைங்க வாரப் பத்திரிகையில அதோட படக்கதை ஸ்ட்ரிப் வர ஆரம்பிச்சிடுச்சு, கேப்டன் பேரையே ஆரம்பத்துல "கர்ட்"டுன்னு போட்டுட்டாங்க. அது கைமாறி கைமாறி 1971ல வேலியண்ட் பத்திரிகையோட சேந்து 1973 வரைக்கும் ஓடுச்சு. வேலியண்ட்டுன்னு படிச்சதும் நான் எழுந்து நின்னுட்டேன், நம்ம காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி 1962ல பொறந்தது அந்த வேலியண்ட்லதானே! 1972ல முத்து காமிக்ஸோட முதல் இதழா சிவகாசியில இருந்து வந்து, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு கடையில கிளிப்புல தொங்குன பழைய இதழை நான் காசு சேத்து வாங்குன அதே மாயாவி. என் ரெண்டு உசிரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு தெரிய இத்தனை வருசம் ஆச்சு. அமெரிக்கப் பேப்பர்ல 1979 டிசம்பர்ல இருந்து நாலு வருசம் தினசரி ஸ்ட்ரிப்பும் வந்திருக்கு, அதையும் தேடிப் படிச்சேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா என் மனசு அந்த எட்டுக் கதையிலயே நின்னுபோச்சு.

என்னோட புத்தகம் ஒரு அடைமழைக்கு ஓடு ஒழுகி நனைஞ்சு பக்கமெல்லாம் ஒட்டிப் போச்சு. போன வருசம்தான் மறுபதிப்பு ஒண்ணு வாங்குனேன். செடி கதையை முதல் தடவையா நானே முழுசா படிச்சேன். கடைசிப் பக்கத்துல பனை மரமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஸ்பாக் மொத்தத்தையும் எரிச்சுடுறாரு, கிரகத்துல ஒரு பச்சை மிச்சமில்ல.

அதைத் தூக்கிக்கிட்டு மாமாகிட்ட போனேன். இப்ப எண்பதைத் தாண்டிட்டாரு, கண்ணாடிய ஏத்தி இறக்கி, பக்கத்தை வெளிச்சத்துக்கு சாய்ச்சு, தீ வர்ற படத்தை ரொம்ப நேரம் பாத்தாரு.

"மாமா, இதுல எல்லாத்தையும் எரிச்சுடுறாங்களே, நீங்க பனை மரத்தை விட்டாங்கன்னுல சொன்னீங்க?"

"நீ அன்னைக்கு ராத்திரி தூங்கணும்ல மருமவனே"ன்னுட்டு, பக்கத்தைத் திருப்பி, "ஸ்காட்டி எங்க இருக்காரு, காட்டு"ன்னாரு.